டிசம்பரில்தான் வேண்டும் மாணவர் வானொலி

தானே புயல் கரையைக் கடந்த 2011 டிசம்பர் 30 அன்று கடலூரில் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. வீட்டில் பேசிக்கொண்டிருந்த ஒரே பொருள் அப்பாவின் பேட்டரி ரேடியோ. அதில் மாநிலச் செய்தியெல்லாம் வந்தது. எங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. தண்ணி லாரி எந்தத் தெருவுக்கு வரும்? பால் எங்கே கிடைக்கும்? தேவனாம்பட்டினத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகிற ரோட்டில் விழுந்த மரத்தை எடுத்துவிட்டார்களா? இதைச் சொல்ல யாரும் இல்லை.

அந்தக் குறை 2015 வெள்ளத்தில்தான் தீர்ந்தது. மாவட்ட நிர்வாகமும் சமுதாய வானொலிக்காரர்களும் சேர்ந்து எஃப்எம் 107.8-இல் ‘பேரிடர்கால வானொலி’யைத் தற்காலிகமாகத் தொடங்கினார்கள். நல்ல வேலை. ஆனால் மழை கொட்டிய பிறகு ஆள் தேடி, கருவி தேடி, அனுமதி வாங்கி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கருவியும் ஆளும் ஏற்கெனவே இருக்கிற இடம் எது? பல்கலைக்கழகங்கள்தான். 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் தொடங்கியதிலிருந்து நம் ஊர்ப்பக்கம் வளாக வானொலிகள் வந்துவிட்டன. காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கும் புதுவை வாணி இருக்கிறது. இந்த நிலையங்களின் எல்லை பத்துப் பதினைந்து கிலோமீட்டர். சின்னது என்பார்கள். புயல் நாளில் ஒரு மனிதனுக்குத் தேவையான உலகமே அவ்வளவுதான்.

நானும் கல்லூரியில் படிக்கும்போது மூன்று வருடம் வளாக வானொலியில் வேலை செய்தவன். பஸ் ஸ்டாண்டில் கருவாடு விற்கும் ஒரு அக்காவைப் பேச அழைத்து வந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. ஏசி அறை, மைக், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்பு விளக்கு. பாவம், குரலே எழும்பவில்லை. கூடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். “அக்கா, நெத்திலி எப்படிக் காயப் போடுவீங்க?” என்று கேட்டேன். அவ்வளவுதான். உப்பு எவ்வளவு, மேகம் மூடினால் எத்தனை கூடை வீணாகும், மழை மாசத்தில் வட்டிக்கு வாங்குவது என்று நாற்பது நிமிடம் பேசினார். மீட்டரில் முள் துள்ளிக்கொண்டே இருந்தது. ஒலியளவைச் சரிசெய்ய மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். யாரிடம் எதைக் கேட்டால் பேசுவார்கள் என்பதை அங்கேதான் கற்றேன். புயல் நாளில் ஒரு அறிவிப்பாளருக்கு வேண்டிய முதல் திறமை அதுதான்.

ஆனால் செமஸ்டர் பரீட்சை வந்தால் எங்கள் நிலையம் பதிவு செய்த நிகழ்ச்சிகளுக்குப் போய்விடும். லீவு விட்டால் ஒரே தொகுப்பு திரும்பத் திரும்ப ஓடும். ஒருமுறை வெளியே அடைமழை, ஒலிபரப்பில் கோடைக்கால உடல்நலக் குறிப்பு. நேரலை கேட்டுப் போனோம். மாணவர்கள் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டால் யார் பொறுப்பு என்று திருப்பி அனுப்பினார்கள்.

காலண்டரைப் பாருங்கள். சுனாமி 2004 டிசம்பர் 26. தானே டிசம்பர் 30. வெள்ளம் 2015 நவம்பர், டிசம்பர். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30. பரீட்சையும் லீவும் வருகிற அதே வாரங்கள்! நம் கடற்கரைக்குக் குரல் தேவைப்படும்போது அந்தக் குரல் விடுமுறையில் இருக்கக் கூடாது.

வளாக வானொலியும் சமுதாய வானொலி வகைதான். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரிக்கக் கூடாது, ஆகாஷ்வாணி செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம் என்பது விதி. அந்த விதி மாற வேண்டும் என்பது என் கருத்து, அதைத் தனியாக எழுதுகிறேன். ஆனால் வானிலையையும் உள்ளூர் நிர்வாகம் தரும் குடிநீர், மின்சாரத் தகவலையும் சொல்ல விதி குறுக்கே நிற்கவில்லை. அதனால் விதியைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது.

என் கோரிக்கை சின்னதுதான். வளாக வானொலி உள்ள பல்கலைக்கழகங்கள் அக்டோபரிலேயே ஒரு ஷிப்ட் பட்டியல் போடட்டும். லீவில் விடுதியில் தங்கச் சம்மதிக்கும் பத்து மாணவர்கள், அவர்களுக்குச் சாப்பாடு, டிரான்ஸ்மிட்டருக்கு ஜெனரேட்டர் டீசல், கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு நேரடி எண். அதற்கு முன் வருடம் முழுக்க வாரத்துக்கு இரண்டு நாளாவது அவர்களே நேரலை செய்யட்டும். தப்பு வரும், வரட்டும். வெயில் காலத்தில் தடுமாறிப் பழகினால்தான் புயல் ராத்திரியில் நிதானமாகப் பேச வரும்.

ஆள் போதவில்லையா, பழைய மாணவர்களைக் கேளுங்கள். கடலூரிலிருந்து காலாப்பட்டு ஒன்றும் தூரமில்லை. அதிகாலை 4 மணி ஷிப்ட்டில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.