அந்தப் பிள்ளையை அதட்டாதீர்கள்

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகள் பத்துப் பேர். சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேலே போகப்போகிறது, வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தேன். இருட்டத் தொடங்கியபோது தென்மேற்கில் ஒரு வெளிச்சம் ஏறியது. விமானம் போல் மினுக்கவில்லை, சத்தமும் இல்லை. உச்சிக்கு வந்து, பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் அணைந்துபோனது. நாலு நிமிடம்கூட இருக்காது.

"அதுக்குள்ள ஆளு இருக்காங்களா அங்கிள்?"

"வழக்கமா ஏழு பேர் இருப்பாங்க."

ஏழாவது படிக்கிற பெண் உடனே கேட்டாள்: "அப்ப ஆய் வந்தா என்ன பண்ணுவாங்க?" எல்லோரும் சிரித்தார்கள். அவள் அப்பா, "அறிவா ஏதாச்சும் கேளு" என்று அதட்டிவிட்டார். அவள் முகம் வாடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

அறிவான கேள்வியே அதுதான். அங்கே எதுவும் தானாகக் கீழே விழாது. அதனால் அந்தக் கழிப்பறை காற்றால் உறிஞ்சும். மலம் பையில் அடைபட்டு, பழைய சரக்குக் கலத்தோடு வளிமண்டலத்தில் எரிந்துபோகும். சிறுநீரை வீணாக்க மாட்டார்கள். அதையும் வியர்வையையும் மூச்சில் வரும் ஈரத்தையும் சேர்த்துச் சுத்திகரித்து மறுபடி குடிக்கிறார்கள். 2023-இல் நாசா 98 சதவீதத் தண்ணீரை மீட்டுக் காட்டியது. அவள் கேட்டது இந்தப் பொறியியலைப் பற்றித்தான்.

"ஈர்ப்பே இல்லாததால மிதக்கிறாங்க" என்று ஒரு பையன் சொன்னான். பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் தரையில் உள்ள ஈர்ப்பில் 90 சதவீதம் அளவு இருக்கிறது. ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது வயிறு லேசாகுமே, அவர்களுக்கு அது ஓயாமல் நடக்கிறது. மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போவதால், விழுந்துகொண்டே இருந்தும் தரை அகப்படுவதில்லை. சுமை தெரியாத எலும்பு தேய ஆரம்பிக்கும், மாதத்துக்கு 1 சதவீதத்துக்கும் மேல். அதனால்தான் தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி. சுனிதா வில்லியம்ஸ் 2007-இல் வார்ப்பட்டைகளால் உடம்பை ட்ரெட்மில்லோடு பிணைத்துக்கொண்டு அங்கேயே மாரத்தான் ஓடி முடித்தார். எட்டு நாளுக்கென்று 2024-இல் போய், 286 நாள் இருந்து திரும்பிய அவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கியதும் வாட்ஸ்அப்பில் என்னென்னவோ எழுதினார்கள். நீண்ட பயணம் முடித்து வருபவர்களை அப்படி இறக்குவது வழக்கம்தான்.

கிளம்பும்போது அதே அப்பா என்னிடம் கேட்டார்: "நம்ம பேரப்புள்ளைங்க செவ்வாய்ல வீடு வாங்கிடுவாங்கல்ல சார்? பூமிதான் வீணாப்போகுதே."

எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் ஆசைக்கான பதில் அவர் அதட்டிய கேள்விக்குள்தான் இருக்கிறது. விண்வெளி நிலையத்தில் ஏதாவது தீர்ந்தால் சரக்குக் கலம் வந்துவிடும். செவ்வாய்க்குக் கிளம்ப ஏற்ற நேரம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், போய்ச் சேரவே ஆறேழு மாதம் ஆகும். காற்றழுத்தம் இங்குள்ளதில் 1 சதவீதம்கூட இல்லை, அதிலும் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அதிலிருந்து ஆக்சிஜன் பிரிக்க, பெர்சிவரன்ஸ் ஊர்தியில் மோக்சி என்ற கருவியை அனுப்பினார்கள். 2021 முதல் 2023 வரை 16 முறை இயக்கி மொத்தம் 122 கிராம் எடுத்தது. ஒரு ஆளுக்கு நான்கு மணி நேரம்கூட வராது. இன்னொரு கிரகத்தில் மனிதன் முதன்முதலாகத் தயாரித்த ஆக்சிஜன் அது! நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. ஆனால் அதைக் காட்டி, "இங்கே கெட்டால் அங்கே போகலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்வது பொய். எவ்வளவு கெட்ட பூமியிலும் ஜன்னலைத் திறந்தால் காற்று வரும்.

மறுநாள் அந்தப் பெண் வாசலில் சைக்கிளை நிறுத்தினாள். "அங்கிள், அங்க அழுதா?"

"கண்ணீர் கன்னத்துல வழியாது பாப்பா. கண்ணுலயே உருண்டையா ஒட்டிக்கிட்டு நிக்கும். துணியால ஒத்தி எடுக்கணும்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அதையும் குடிக்கிற தண்ணியா மாத்திருவாங்களா?"

"மாத்திருவாங்க. துணி காயும்போது அந்த ஈரம் காத்துல கலக்கும். அந்தக் காத்துலேர்ந்துதான் தண்ணியப் பிரிச்சு எடுக்கிறாங்க."