ஆன்ஃபீல்டின் நான்காவது கோலும் விசிலும்

2019 மே 7 அன்று லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் நடந்த லிவர்பூல்–பார்சிலோனா சாம்பியன்ஸ் லீக் கால்பந்து அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தைப் பற்றிய இந்த அலசலில், நடுவர் விசில் ஊதும் முன்பே கார்னர் (மைதான மூலையிலிருந்து அடிக்கும் உதை) அடிக்கப்பட்டதால் நான்காவது கோல் செல்லாது என்று சொல்லியிருக்கிறீர்கள். பலர் அதைப் பகிர்ந்தும் வருகிறார்கள். மற்றபடி அலசல் அருமை, ஆனால் இந்த ஒரு விஷயம் சரியில்லை. கார்னர் அடிக்க விசில் தேவையே இல்லை.

பந்து கார்னர் வளைவுக்குள் அசையாமல் இருக்க வேண்டும். உதைத்ததும் தெளிவாக நகர்ந்தால் ஆட்டம் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். பெனால்டிக்கு விசில் கட்டாயம். ஆட்டக்காரர் மாற்றம், காயம், அட்டை காட்டியது போன்றவற்றால் ஆட்டம் நின்றிருந்தாலும் கட்டாயம். இங்கே அப்படி எதுவும் இல்லை.

79-வது நிமிடத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். லிவர்பூலின் அலெக்சாண்டர்-அர்னால்ட் பந்தை வைத்துவிட்டு விலகி நடக்கிறார், சட்டென்று திரும்பி உதைக்கிறார். பார்சா தடுப்பாட்டக்காரர்கள் பந்தையே பார்க்கவில்லை. லிவர்பூலின் ஒரிகி மட்டும் பார்த்தார், கோல் அடித்தார். அசந்த நேரத்தில் அடித்த கோல்தான், ஆனால் முழுக்க விதிப்படி அடித்த கோல். பார்சா ரசிகர்களின் வலி புரிகிறது: முதல் ஆட்டத்தில் 3-0 என ஜெயித்துவிட்டு, மொத்தக் கணக்கில் 4-3 என வெளியேறுவது சாதாரண அடி இல்லை.

சரிபார்க்க விரும்புவோர் கால்பந்து விதிகளை வகுக்கும் அமைப்பான ஐஎஃப்ஏபி-யின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆட்ட விதிகளில் 17-வது விதியைப் படியுங்கள். அதே ஆவணத்தில் நடுவர்களுக்கான வழிகாட்டுதலில் விசில் பற்றிய பகுதி இருக்கிறது. விசில் தேவையில்லாத இடங்களின் பட்டியலில் கார்னர் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கும்.