ஒரு ஒயர்கூட வெட்டமாட்டோம் சார்

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கார் ஸ்டீரியோ கடை வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கட்டிங் பிளேயரைத் தொடாமல் உங்களால் ஒரு வேலையும் செய்ய முடியாதா? கார் வந்து நின்றதும் கை தானாக அதைத்தான் தேடுமா?

என்னிடம் இருப்பது ஆடி டிடி. 2006 முதல் 2014 வரை தயாரான இரண்டாம் தலைமுறை மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று கிளம்பிவிடாதீர்கள். இன்று ஷோரூமில் நிற்கும் சாதாரண எஸ்யூவியைவிடக் குறைந்த விலைக்குத்தான் வாங்கினேன். நான் சொல்லப்போவது ஆல்ட்டோ வைத்திருப்பவருக்கும் நடக்கிறது, நடந்துகொண்டேதான் இருக்கிறது.

இந்தக் காரின் இன்ஜினைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதில் இருந்த ஸ்டீரியோ சிடி காலத்துப் பெட்டி. செல்போன் மேப்பைக் காரின் திரையில் காட்டும் ஆப்பிள் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டும் அந்தப் பெயர்களில் அறிவிக்கப்பட்டதே 2014இல்தான். அதற்கு முன்பே பிறந்துவிட்ட பெட்டிக்கு மேப் எங்கே தெரியும்? பெங்களூரிலோ நேற்று நேராகப் போன சாலையில் இன்று தடுப்பு வைத்திருப்பார்கள். ஓட்டிக்கொண்டே மடியில் கிடக்கும் செல்போனைக் குனிந்து பார்ப்பது உயிருக்கு உலை. அதனால் டச் ஸ்கிரீன் போட முடிவு செய்தேன். அந்த முடிவில் ஒரு தப்பும் இல்லை. ஸ்கிரீன்மேல் எனக்கு இப்போதும் கோபம் இல்லை.

கடைக்காரர் தமிழர். எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னதும், “நானும் ஓசூர்ப் பக்கம்தான் சார்” என்று டீ வரவழைத்தார். பெங்களூரில் ஒருவன் ஊரைக் கேட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுத்தால் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று அல்சூரில் இருக்கும் என் மாமா அடிக்கடி சொல்வார். நான் பர்ஸைப் பற்றிக் கவலைப்படவில்லை, ஒயரிங்கைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். கம்பெனி ஒயரில் கை வைக்கக் கூடாது, ஒயர் முனையில் இருக்கும் சொருகியான கப்ளருக்குக் கப்ளர் மாட்ட வேண்டும், அது முடியாதென்றால் இப்போதே சொல்லுங்கள், போய்விடுகிறேன் என்று நின்ற இடத்திலேயே சொன்னேன். “கவலையே படாதீர்கள் சார், ஒரு ஒயர்கூட வெட்டமாட்டோம். உங்கள் வண்டிக்கென்றே வந்த செட். மாட்டினால் பாடும்” என்றார்.

மாட்டினார்கள். பாடியது. அடுத்த வாரம் கார் கிளம்பவில்லை.

போன் செய்தால், “பேட்டரி பழசாகியிருக்கும் சார், புதிது போட்டுவிடுங்கள்” என்கிறார். ஐயா, அந்தப் பேட்டரியே புதிது. மழைக்கு முன்னால்தான் மாற்றினேன். அதைச் சொன்னால், “அப்படியென்றால் வண்டியில் வேறு ஏதோ கோளாறு சார், ஆடி இல்லையா, அப்படித்தான் இருக்கும்.” பதினைந்து நிமிடம் டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது யார்? நானா?

நடந்தது இதுதான். பெரும்பாலான கார்களில் ஸ்டீரியோவுக்கு இரண்டு மின் இணைப்புகள் வரும். கடையில் வாங்கும் செட்டுகளில் மஞ்சள் ஒயரில் எந்நேரமும் 12 வோல்ட் இருக்கும். நேரமும் நீங்கள் சேமித்த ஸ்டேஷன்களும் அழியாமல் இருப்பது அதனால்தான். சிவப்பு ஒயரில் சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும். செட் விழித்துக்கொள்வதும் தூங்கிப்போவதும் சிவப்பைப் பார்த்துத்தான். இந்த டிடியில் ஸ்டீரியோவுக்குப் பின்னால் இருக்கும் கப்ளருக்கு அப்படிச் சாவியைப் பொறுத்த மின் இணைப்பே வருவதில்லை. சாவி போட்டாயிற்று என்ற செய்தி கேன் பஸ் எனப்படும் இரண்டு தகவல் கம்பிகள் வழியாக வருகிறது. அந்தச் செய்தியைப் படித்து, புதிய செட்டுக்குப் புரியும்படி 12 வோல்ட்டாக மாற்றித் தர உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி இருக்கிறது. கடைகளில் கேன் பஸ் பாக்ஸ் என்பார்கள். காருக்கேற்ற கப்ளரோடு சேர்த்தே விற்கிறார்கள். ஸ்கிரீனுக்குக் கொடுத்த பணத்தின் முன் அதன் விலை சில்லறை.

அதை இவர்கள் போடவில்லை. புதிய செட்டின் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி, எந்நேரமும் மின்சாரம் இருக்கும் ஒயரில் கொடுத்துவிட்டார்கள். “இறங்கும்போது இந்தப் பொத்தானை அழுத்திவிடுங்கள் சார், அணைந்துவிடும்” என்று அன்று பாடம் வேறு எடுத்தார்கள். அணைந்தது வெளிச்சம் மட்டும். உள்ளே செட் விழித்தே இருந்தது. நிறுத்திவைத்த கார் ஒன்று பேட்டரியிலிருந்து 50 மில்லிஆம்பியருக்குள்தான் இழுக்க வேண்டும். தூங்காத செட் ஒரே ஒரு ஆம்பியர் இழுத்தாலும், 70 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளில் சுத்தமாக வடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நந்தி மலைப் பக்கம் போய்வரும் கார் என்னத்துக்கு ஆகும்?

வில்சன் கார்டனில் வேறொரு எலக்ட்ரீஷியன் ஸ்கிரீனை வெளியே இழுத்துக் காட்டினார். பார்த்ததும் வயிறு எரிந்தது. ஆடி கம்பெனி போட்ட கப்ளர் தனியாகத் துண்டாகிக் கிடக்கிறது, அதன் பின்னால் ஒவ்வொரு ஒயரிலும் அரை விரல் நீளம் மீதி. எதிர்ப்பக்கத்தில் புதிய ஒயர்களை விரலால் முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். சால்டரிங் இல்லை, உலோகக் குழலில் வைத்து நசுக்கி இணைக்கும் கிரிம்ப் இல்லை. வெயிலில் நின்ற காருக்குள் டேப்பின் பசை உருகி, இரண்டு சுற்று ஏற்கெனவே அவிழ்ந்து, செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளித்தான் டேஷ்போர்டின் இரும்புச் சட்டம். உரசியிருந்தால் ஃபியூஸ் போயிருக்கும் என்று ஆறுதல் சொன்னார் எலக்ட்ரீஷியன். ஃபியூஸையும் இவர்கள் பெரிதாக மாற்றிவைக்காமல் இருந்தால்தானே ஐயா!

ஒரு ஒயர்கூட வெட்டமாட்டோம் என்றார்களே. வெட்டாமல் விட்ட ஒயர் எது என்று நான்தான் தேட வேண்டியிருந்தது.

எஃப்எம் கதையைக் கேளுங்கள். டெலிவரி எடுத்த அன்றே ரேடியோ கரகரத்தது. “இந்த ஏரியாவில் சிக்னல் வீக் சார்” என்றார்கள். டவுன் ஹால் பக்கத்தில் நின்றுகொண்டு சிக்னல் இல்லையாம்! எங்களை ஒட்டி நின்ற ஆட்டோவில் 102.9 விவித பாரதி கண்ணாடிபோலத் தெளிவாகப் பாடிக்கொண்டிருந்தது, கடைக்காரர் காதில் மட்டும் விழவில்லை. விஷயம் சிக்னலில் இல்லை. இந்தக் காரின் ஆன்டெனாவுக்குள் சிறிய ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. அதற்கான மின்சாரத்தைப் பழைய ஸ்டீரியோ ஆன்டெனா கேபிள் வழியாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. புதிய செட் அனுப்பாது. நடுவே மின்சாரம் கொடுக்கும் ஓர் அடாப்டர் போட வேண்டும். இவர்கள் போட்டது வெறும் பின்னை மாற்றும் அடாப்டர்.

ஸ்டீரிங்கில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் உருளையும் செத்துவிட்டது, அந்தச் செய்தியும் கேன் பஸ்ஸில்தானே வருகிறது! இப்போது சில்க் போர்டு நெரிசலில் ஒலியைக் குறைக்க ஸ்கிரீனில் விரலால் துழாவ வேண்டும். இன்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குக் கையில் தொட்டுணரும் பொத்தான் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று, கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் கெடுபிடி செய்கிறது. புதிய கார் செய்கிறவர்களே பொத்தானுக்குத் திரும்பும் நேரத்தில், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒன்றை இவர்கள் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள்.

செட்டின் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்ததைத் தனியாகத் திட்ட வேண்டும். ‘எச்டி’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. உள்ளே இருப்பது 1024 × 600 திரை. எச்டி என்றால் குறைந்தது 1280 × 720 என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். ‘4 × 50 வாட்’ என்றும் இருந்தது. காரின் 14.4 வோல்ட்டில், நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு, இந்த வகை செட்டில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் சிப் ஒலி சிதைவில்லாமல் தரக்கூடியது ஒரு சேனலுக்கு ஏறத்தாழ 20 வாட். மீதி முப்பது அச்சகத்தில் சேர்த்தது.

வேலை செய்த பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். பேனலைக் கழற்றப் பிளாஸ்டிக் பட்டை வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, வாங்கித்தரவும் இல்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். ஏசி காற்று வரும் வட்டத்தின் ஓரத்தில் வெள்ளைக் கீறல் விழுந்தது. மிஞ்சிய இரண்டு ஸ்க்ரூக்களைக் கப் ஹோல்டரில் போட்டுவிட்டு, “அண்ணா, இது எக்ஸ்ட்ரா” என்றான். ஜெர்மனிக்காரன் எக்ஸ்ட்ராவாக இரண்டு ஸ்க்ரூ போட்டு அனுப்புவானா தம்பி? அவனைச் சொல்லி என்ன? கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த கார் காத்திருக்கிறது, சீக்கிரம் முடி என்று கத்திக்கொண்டிருந்தவரைச் சொல்ல வேண்டும்.

ஒயரிங் முழுவதையும் வில்சன் கார்டன்காரர் திரும்பச் செய்துகொடுத்தார். கேன் பஸ் பெட்டி, ஆன்டெனா அடாப்டர், சால்டரிங், எல்லாம் முறையாக. ஸ்கிரீன் இப்போது சாவியோடு விழிக்கிறது, சாவியோடு தூங்குகிறது, ஸ்டீரிங் உருளை உயிர்பெற்றுவிட்டது. அதே ஸ்கிரீன்தான், கவனியுங்கள். ஆனால் வெட்டிய கப்ளரை அவராலும் ஒட்டவைக்க முடியவில்லை. வேறு காரிலிருந்து கழற்றிய கப்ளரைத் தேடி வாங்கிச் சேர்த்தார். அந்தச் செலவும் என் தலையில்.

கெட்ட வேலைக்கான பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று போய் நின்றால், “பில் இருக்கிறதா சார்?” என்கிறார். அன்று பில் கேட்டபோது, பில் என்றால் ஜிஎஸ்டி தனி என்று இழுத்து, கடைசியில் மாடல் எண்கூட எழுதாத வாரண்டி அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தவர் இவர்தான். யுபிஐயில் அனுப்பிய பணம் கடையின் பெயருக்குப் போகவில்லை, யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போயிருக்கிறது. அந்தச் சான்றையும் வாரண்டி அட்டையையும் ஒயர்களின் படங்களையும் எடுத்துவைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன்.

சரி, கழற்றிய என் பழைய ஸ்டீரியோவையாவது கொடுங்கள், காரை விற்கும்போது வேண்டும் என்றேன். பத்திரமாக எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுத்தான் அன்று வந்திருந்தேன். பையனைக் கூப்பிட்டார், அலமாரியைத் திறந்தார், மூடினார்.

“அது ஓடாது என்று நினைத்துப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டோம் சார். ஐந்நூறு ரூபாய் தந்தான். வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள்.”

அந்த ஐந்நூறையும் புகாரில் சேர்த்துவிட்டேன்.