டேப்பைத் தலைகீழாகப் பிடித்தால்

மாமா: மாப்பிள்ளை, எடை தூக்கும் பெல்ட் ஒன்று ஆர்டர் போடுங்கள். சைஸ் 34.

மாப்பிள்ளை: அளந்து பார்த்தீர்களா மாமா?

மாமா: அளக்க என்ன இருக்கிறது? பேண்ட்டிலேயே எழுதியிருக்கிறதே.

மாப்பிள்ளை: பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே போடுகிறீர்கள். இந்தப் பெல்ட் தொப்புளுக்கு நேரே வரும். நில்லுங்கள், டேப் எடுத்து வருகிறேன்.

(டேப் சுற்றியதும் மாமா நெஞ்சை நிமிர்த்துகிறார். தொப்பை காணாமல் போகிறது.)

மாப்பிள்ளை: மூச்சை விடுங்கள் மாமா.

மாமா: (பல்லைக் கடித்தபடி) விட்டாச்சு.

(முகம் சிவக்கிறது. காது சிவக்கிறது. கடைசியில் ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம். மாப்பிள்ளையின் விரலிடுக்கில் டேப் விறுவிறுவென்று ஓடுகிறது.)

மாப்பிள்ளை: 41.

மாமா: டேப்பைத் தலைகீழாகப் பிடித்திருப்பீர்கள்.

மாப்பிள்ளை: தலைகீழாகப் பிடித்தால் 14 வரும்.

மாமா: அந்தப் பக்கம் சென்டிமீட்டர் இருக்குமே, அதில் பாருங்கள்.

மாப்பிள்ளை: 104.

மாமா: இன்ச்சே இருக்கட்டும்.

மாப்பிள்ளை: சைஸ் அட்டவணை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 41 எந்த சைஸில் நடு ஓட்டைக்கு வருகிறதோ, அதை வாங்க வேண்டும். இளைத்தாலும் பெருத்தாலும் இரண்டு பக்கமும் ஓட்டை மிச்சம் இருக்கும்.

மாமா: ஒரு சைஸ் சின்னதாக வாங்கினால் தொப்பையை அமுக்கிக் குறைத்துவிடாதா?

மாப்பிள்ளை: பெல்ட்டின் வேலை வேறு மாமா. வயிறு நிறைய மூச்சை இழுத்து, வயிற்றைப் பெல்ட் மேல் தள்ள வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறி, முதுகெலும்பு ஆடாமல் நிற்கும். மூச்சு இழுக்கவே இடமில்லாமல் கட்டினால் பெல்ட் கட்டியே பிரயோஜனம் இல்லை.

மாமா: அப்படியானால் தொப்பையை வெளியே தள்ள வேண்டும்?

மாப்பிள்ளை: ஆமாம்.

மாமா: அதில் எனக்கு 20 வருஷ அனுபவம்! இருப்பதிலேயே அகலமானதாகப் போடுங்கள்.

மாப்பிள்ளை: சர்வதேச பவர்லிஃப்டிங் போட்டியிலேயே 10 சென்டிமீட்டர் அகலம், 13 மில்லிமீட்டர் தடிமன், அதற்கு மேல் விடமாட்டார்கள். உங்களுக்கோ விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இடமே கம்மி. குனிந்தால் விலாவில் குத்தும். ஏழரை சென்டிமீட்டர் போதும். தடிமன் 10 மில்லிமீட்டர்.

மாமா: சரி. ஆனால் ‘டக்’கென்று மூடுகிற லீவர் வேண்டும். அந்தச் சத்தம் கேட்டாலே ஒரு மரியாதை.

மாப்பிள்ளை: லீவரில் ஒரு ஓட்டை தள்ளிப் போட ஸ்க்ரூடிரைவர் தேடுவீர்கள். உங்கள் வயிறு காலையில் ஒரு அளவு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அளவு. கொக்கி வைத்ததே நல்லது. அது சரி, இப்போது எவ்வளவு தூக்குகிறீர்கள்?

மாமா: கம்பி.

மாப்பிள்ளை: கம்பியில் எவ்வளவு மாட்டுகிறீர்கள்?

மாமா: எதற்கு மாட்ட வேண்டும்? கம்பியே 20 கிலோ இருக்கிறதே!

மாப்பிள்ளை: அதற்குப் பெல்ட்டே வேண்டாமே மாமா!

மாமா: பெல்ட் இல்லாததால்தான் ஜிம்மில் ஒருத்தனும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. போடுங்கள் ஆர்டரை.

மாப்பிள்ளை: (பெருமூச்சுடன்) கறுப்பா, பழுப்பா?

மாமா: கறுப்பு. அதுதான் ஆளைக் கொஞ்சம் ஒல்லியாகக் காட்டும்.