காட்டுப்பீ எப்போ போச்சு?

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் எத்தனை கிலோ, யார் சாடை என்றுதான் கேட்போம். நான் இப்போதெல்லாம் முதலில் கேட்பது காட்டுப்பீ, அதாவது பிள்ளையின் முதல் மலம், எப்போ போச்சு என்று. முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

என் தங்கச்சி மகன் பிறந்தபோது அதை யாரும் கேட்கவில்லை. மறுநாளே பாம்பனுக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் எடை இருந்தது, ரத்த வகை இருந்தது, போட்ட ஊசி இருந்தது. பிள்ளை வெளிக்கே போகவில்லை என்பது மூன்றாம் நாள்தான் எங்களுக்கு உறைத்தது.

அப்பத்தா வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு லேசாக வைத்தார். காற்றும் மலமுமாகப் பீய்ச்சியடித்து அவர் சேலையெல்லாம் நாசம். "ஒம் மருமகன் வெடி போட்டுட்டாண்டா" என்றார். வீடே சிரித்தது, நானும்தான். தொட்டதும் இப்படி வெடித்துப் போவதே அவனுக்கு இருந்த குடல் நோய்க்கு ஓர் அடையாளம் என்று பின்னால் டாக்டர் சொன்னார். நாங்களோ மாந்தம் விட்டுவிட்டது என்று நினைத்து, மூன்று நாளைக்கு ஒரு காம்பு என ஓட்டினோம். அப்பத்தா மேல் எனக்குக் கோபமில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்குப் பலித்த கைதான் அது.

ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்று பெயர். கருவிலேயே நரம்பணுக்கள் மேலிருந்து கீழாக நகர்ந்து குடல் முழுக்கக் குடியேற வேண்டும். பாதியில் நின்றுவிட்டால், அதற்குக் கீழே உள்ள குடல் இறுகியே கிடக்கும். மேலிருந்து வருவதெல்லாம் தேங்கும். ஏறத்தாழ 5,000 பிள்ளைகளில் ஒன்றுக்கு வருகிறது, ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். நிறைமாதத்தில் பிறந்த நல்ல பிள்ளை அநேகமாக 48 மணி நேரத்துக்குள் கரும்பச்சையாகப் போய்விடும். போகாவிட்டால் ஏன் என்று பார்த்தாக வேண்டும்.

எங்களை ஏமாற்றியது மலச்சிக்கல்கூட இல்லை, பேதி. மூன்றாவது வாரம் வயிறு பேத்தை மீன் மாதிரி உப்பிக்கொண்டது, பச்சையாக வாந்தி. ராத்திரி தானாகவே தண்ணியாகப் போனது, அப்படியொரு நாற்றம். "அப்பாடா, போயிருச்சு" என்றாள் அம்மா. காட்டிய இடத்திலும் சாதாரண பேதி என்று ஓஆர்எஸ் பொட்டலம் கொடுத்தனுப்பினார்கள். விடியும்போது பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. தேங்கிய குடல் அழன்று போயிருந்தது. என்டெரோகோலைட்டிஸ் என்றார்கள். கிருமி ரத்தத்தில் ஏறினால் சில மணி நேரத்தில் உயிரே போகும்.

108இல் பாம்பன் பாலம் ஏறும்போது கடல் காற்று வண்டியை உலுக்கியது. மூக்கில் குழாய் மாட்டிய பிள்ளையை அசையாமல் பிடித்துக்கொண்டே மதுரைக்குப் போனோம். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே முதல் கேள்வி: "முதல் மலம் எத்தனை மணி நேரத்துல போச்சு?" கேட்ட டாக்டரையும் தங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆன்டிபயாட்டிக், குளுக்கோஸ் எல்லாம் ஒரு பக்கம். வயிற்றை இறக்கியது மெல்லிய ரப்பர் குழாய்தான். வெதுவெதுப்பான உப்பு நீரைக் கொஞ்சமாக உள்ளே விட்டு, அதே குழாய் வழியே வெளியே வரவிட்டு, மறுபடி விட்டு. உள்ளே போன அளவு திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்த்தார் நர்ஸ். குடலிலிருந்து கிள்ளிப் பார்த்த துணுக்கில் நரம்பணு இல்லை. பிறகு ஆபரேஷன், அந்தப் பகுதியை வெட்டிவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைத்தார்கள்.

நர்ஸ் அக்காமாருக்குத் தலைக்கு மேல் வேலை, தெரியும். ஆனாலும் டிஸ்சார்ஜ் சீட்டில் 'முதல் மலம்: நாள், மணி' என்று ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? அந்த இடம் காலியாக இருந்தால் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்தாலும் இந்தக் குடல் அழற்சி திரும்ப வரலாம். எட்டாம் மாதம் மறுபடி வயிறு உப்பி, பேதி. பல் முளைக்கிறது, அப்படித்தான் போகும் என்று தெருவே சொன்னது. தங்கச்சி யாரிடமும் வாதாடவில்லை. மாப்பிள்ளை கடலுக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்த பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு, "அண்ணே, வண்டிக்குச் சொல்லு" என்று எனக்குப் போன் போட்டாள்.