பெண்ணின் தாடியும் மீனின் மூச்சும்

ஒஸ்லோவில் ஏழு வயதுப் பிள்ளையை வாசிக்கவைக்கிற பாடு பட்டவர்களுக்குத்தான் தெரியும். கிழமை நாட்களில் நோர்வேஜிய மொழி, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி. இரண்டையும் மகள் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். ஆனால் புத்தகத்தை மூடினால் அதோடு சரி. பந்து உருண்டது, அப்பா வந்தார் என்பதை அறிய எந்தப் பிள்ளை மல்லுக்கட்டும்?

போன குளிர்காலத்தில் ஒருநாள், கிறிஸ்தவத்துக்கு முந்திய இந்த வடநாட்டுப் புராணத்தில் வருகிற பென்ரிர் ஓநாயின் கதையைத் தொடங்கினேன். குட்டியாக வந்தது வளர்ந்துகொண்டே போகிறது. தேவர்களுக்குப் பயம் பிடிக்கிறது. இரண்டு தடவை விலங்கிட்டும் அறுத்துவிடுகிறது. கடைசியில் குள்ளர்களிடம் சொல்லிப் பட்டு நாடா போல ஒரு கயிறு செய்விக்கிறார்கள். ஆறு பொருள்களால் ஆனது அது. என்ன ஆறு? நான் சொல்லவில்லை. புத்தகத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன்.

கறி கொதிப்பதற்குள் வந்துவிட்டாள். பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில். தானாக வாசித்து, எனக்குத் தமிழில் சொன்னாள். கயிறு திரிக்க எடுத்துவிட்டதால்தான் பூனை சத்தமில்லாமல் நடக்கிறதாம், பெண்களுக்குத் தாடி இல்லையாம். சொல்லிவிட்டு உடனே ஒரு கேள்வி: “கரடிக்கு நரம்பு இருக்குத்தானே அம்மா? அப்ப எழுதினவர் பொய் சொல்றாரா?”

வரலாற்றுப் பாடம் எங்கள் வீட்டில் அங்கேதான் தொடங்கியது.

எழுதியவர் ஸ்நோரி ஸ்டுர்லுசன், ஐஸ்லாந்துக்காரர். எழுதிய காலம் 1220 அளவில். அவர் கிறிஸ்தவர். ஐஸ்லாந்து மதம் மாறியதே ஏறக்குறைய 1000ஆம் ஆண்டில். அதாவது, இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே கைவிடப்பட்ட தேவர்களைப் பற்றி எழுதுகிறார். “அப்ப அவருக்கு எப்படித் தெரியும்?” பழைய பாட்டுகள் வாய்மொழியாக இருந்தன. தங்கத்தைச் ‘சிவ்வின் கூந்தல்’ என்று பாடிவைத்திருப்பார்கள். சிவ், இடித்தேவன் தோரின் மனைவி. குறும்புக்காரன் லோக்கி அவள் கூந்தலை வெட்டியதும், குள்ளர்கள் பொன்னால் கூந்தல் செய்து கொடுத்ததும் தெரியாத இளம் கவிஞனுக்கு அது எப்படி விளங்கும்? அவனுக்காகத்தான் ஸ்நோரி எழுதினார். நம் உரையாசிரியர்கள் பார்த்த வேலை மாதிரி.

தோர் சுத்தியலை எறிந்தான் என்பதை வரலாறு என்று பிள்ளைக்குச் சொல்லக்கூடாது. அதே நேரம் ‘சும்மா கதை’ என்று தள்ளவும் கூடாது. யார் சொன்னது, யார் எழுதிவைத்தது, எத்தனை வருடம் கழித்து என்று கேட்கப் பழக்கினால் போதும். ஏழு வயதுக்கு இது கடினம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. “உனக்கு ஆர் சொன்னது?” என்று பிள்ளைகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளாத நாள் உண்டா?

அவளுடைய ஒரு படப்புத்தகத்தில் எல்லா வைக்கிங்குகளுக்கும் தலைக்கவசத்தில் கொம்பு. ஒஸ்லோ வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். ரிங்கெரிக்கெ பக்கம் ஒரு பண்ணையில் 1943இல் துண்டு துண்டாகக் கிடைத்து ஒட்டவைத்த தலைக்கவசம் அங்கே இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கண்ணைச் சுற்றி மூக்குக் கண்ணாடி போல ஒரு காப்பு, அவ்வளவுதான். கொம்பு 1876இல் ஜெர்மனியில் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் வைத்தது என்றேன். வீட்டுக்கு வந்து எல்லாக் கொம்பையும் பேனாவால் வெட்டிவிட்டாள். நூலகப் புத்தகம் இல்லை, நல்லகாலம்.

வடநாட்டாரின் பழைய ரூன் எழுத்து இன்னொரு சங்கதி. தேவர்களின் தலைவன் ஓடின் ஒன்பது இரவு மரத்தில் தொங்கிப் பெற்றதாகக் கதை. வைக்கிங் காலத்தில் மொத்தம் 16 எழுத்துதான். க-வின் இரண்டு ஒலிக்கும் (k, g) ஒரே எழுத்து, ப-வுக்கும் (p, b) அப்படியே. நோர்வேஜியப் பிள்ளைகள் இதில் தடுமாறுவார்கள். ‘கடல்’, ‘தங்கம்’ இரண்டையும் ஒரே க-வால் எழுதிப் பழகிய எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

நம்முடைய கதைகள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கின்றன. அதற்கு அம்மம்மா இருக்கிறா. ஆனால் இந்த ஊரில் செவ்வாய் டீரின் நாள், புதன் ஓடினின் நாள், வியாழன் தோரின் நாள், வெள்ளி ஃபிரிக்கின் நாள். நாளுக்கு நாள் வாயில் வருகிற பெயர் யாருடையது என்று தெரியாமல் ஒரு பிள்ளை ஏன் வளரவேண்டும்? சனிக்கிழமைக்கு மட்டும் தேவர் இல்லை, அது குளிக்கும் நாள். ‘சனி நீராடு’ என்று தமிழ்ப் பள்ளியில் படித்தவள் இதைக் கேட்டுத் துள்ளிக் குதித்தாள்.

ஓநாய்க் கதையின் முடிவை வெட்டிச் சொல்கிற பதிப்புகள் உண்டு. எனக்குப் பிடிக்காது. ஏமாற்றமாட்டீர்கள் என்பதற்கு ஈடாக ஒருவர் கையை என் வாயில் வைக்கவேண்டும் என்கிறது ஓநாய். ஏமாற்றுதான் என்று தெரிந்தே டீர் வலது கையை வைக்கிறான். கயிறு இறுகுகிறது, தேவர்கள் சிரிக்கிறார்கள். டீர் சிரிக்கவில்லை, அவனுக்குக் கை போய்விட்டது. மகள் அழவில்லை. “ஓநாய் அப்ப ஒரு பிழையும் செய்யேல்லையே” என்றாள். நான் பதில் சொல்லவில்லை, என்னிடம் இல்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் வலது கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு இடது கையால் சோறு சாப்பிடுகிறாள். அம்மம்மாவுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது என்றுதான் தெரியவில்லை.