ஆமா, நானும் போர்வை போர்த்தித்தான் வச்சிருக்கேன்

அந்த வீடியோவை நேத்து மட்டும் பதினோரு பேர் எனக்கு அனுப்பிட்டாங்க. அதுல நாலு பேர் சொந்தக்காரங்க. ஒருத்தர் சிரிக்கிற பொம்மை ரெண்டு சேர்த்துப் போட்டு, "உங்க ஸ்கூலும் இப்படித்தானா?"ன்னு கேட்டிருந்தார். பதில் எழுதி எழுதி அழிச்சேன். கடைசியில இங்கயே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நீளமாத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவங்க தாண்டிப் போயிடலாம்.

எந்த வீடியோன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஒரு தம்பி கேமராவோட அரசுப் பள்ளி வகுப்பு ஒண்ணுக்குள்ள நுழையறார். சுவத்துல இருக்கிற பெரிய திரை மேல கிடக்கிற பூப்போட்ட போர்வையை விலக்குறார். "மக்கள் வரிப்பணம் தூங்குது பாருங்க"ன்னு சொல்றார். அந்த டீச்சர் ஓரமா கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க, வாயே திறக்கலை. அவங்களுக்கும் சேர்த்து கீழே கமெண்டுல ஊரே வாயைத் திறந்திருக்கு.

அந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் போர்வையை நல்லாத் தெரியும். நான் டீச்சரா இருக்கிற தொடக்கப் பள்ளியிலயும் ஒண்ணு இருக்கு. ஊதாக் கட்டம் போட்டது, என் வீட்டுல இருந்து நான் எடுத்துட்டுப் போனது. எங்களது ஓட்டுக் கட்டடம். மேல இருந்து பல்லி எச்சம் விழும், சாக்பீஸ் தூள் பறக்கும், மழை பெய்ஞ்சா ஜன்னல் பக்கம் சாரல் அடிக்கும். திரை வந்தது, அதுக்கு உறை வரலை. கெட்டுப் போச்சுன்னா "ஏன் கெட்டது"ன்னு விளக்கம் எழுதப் போறது நான். அதனால போர்த்துறேன். சாயங்காலம் போர்த்தி, காலையில எடுப்பேன். சில நாள் எடுக்கிறதே இல்லை. அந்தச் சில நாளைப் பத்தித்தான் பேசணும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் எதுக்குன்னு கேக்கிற கூட்டத்துல நான் இல்லை. தொடக்கப் பள்ளியிலயே வரணும்னு பத்து வருஷமா சொல்லிட்டு இருக்கேன், இந்தப் பக்கத்தைப் பழசுல இருந்து படிக்கிறவங்களுக்குத் தெரியும். நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணு. பிள்ளை கை அதுல படணும். அவ்வளவுதான்.

இப்ப கணக்கைப் பாருங்க. தமிழ்நாட்டுல அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள், அதான் ஸ்மார்ட் கிளாஸ். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 டேப்லெட். சின்ன வேலை இல்லை, பாராட்டணும், கிண்டலுக்குச் சொல்லலை. டேப்லெட் வர்ற வரைக்கும் தவணை கட்டி வாங்கின என் சொந்த போன்லதான் பள்ளி விவரம் எல்லாத்தையும் ஏத்திட்டு இருந்தேன். ஆனா திரை சுவத்துல இருக்கு, டேப்லெட் என் கையில இருக்கு. பிள்ளை கையில என்ன இருக்கு? அதே சிலேட்டுக் குச்சி. பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்குப் பேர் கம்ப்யூட்டர் கல்வின்னா, எங்க வீட்டு எதிர்ல இருக்கிற பாட்டி சீரியல் பாத்தே இன்ஜினியர் ஆகியிருக்கணும்.

இது இன்னைக்கு நேத்து வியாதி இல்லைங்க. 1984ல மத்திய அரசு பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தது. 'கிளாஸ்'னு பேர், இங்கிலாந்துல இருந்து வந்த பிபிசி மைக்ரோ மெஷின். அதுக்கப்புறம் எத்தனையோ திட்டம் வந்துடுச்சு. 2012ல தமிழ்நாட்டுல பகுதிநேர ஆசிரியர்னு 16,549 பேரை எடுத்தாங்க. தையல், ஓவியத்தோட கம்ப்யூட்டரும் அதுல உண்டு. வாரத்துக்கு மூணு அரை நாள், மாசம் 5,000 ரூபாய். நான் முதல்ல வேலை பார்த்த பள்ளியில ரெண்டு கம்ப்யூட்டர் இருந்தது. ஹெச்.எம். ரூம்ல, பிளாஸ்டிக் உறை போட்டு, உறைக்கு மேல சணல் கயிறு கட்டி. யூபிஎஸ் பேட்டரி எப்பவோ செத்துப் போச்சு. வருஷத்துக்கு ஒரு நாள், சரஸ்வதி பூஜைக்குக் கயிறை அவிழ்ப்போம். துடைச்சு, மானிட்டர் நெத்தியில சந்தனம் குங்குமம் வச்சு, சுண்டல் படைச்சு, மறுபடி கட்டிடுவோம். பிள்ளைங்க தள்ளி நின்னு கும்பிடுவாங்க. தொட்டுடக் கூடாதுன்னு நானே அதட்டியிருக்கேன். அதை நினைச்சா இன்னைக்கும் வெக்கமா இருக்கு.

கை படறதுன்னா என்னன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்தான். பிளஸ் டூ லீவுல எங்கப்பா கொண்டுபோய் சேர்த்துவிட்டார். மாடியில தகரக் கொட்டகை, வரிசையா மெஷின், ரிப்பன் மை வாசம். ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப்னு ஒரு மாசம் அதையே அடிச்சோம். சுண்டு விரல் கீயில அழுந்தவே அழுந்தாது. மாஸ்டர் பின்னாடி வந்து நின்னு, "விரலுக்குத் தெரியணும், கண்ணுக்குத் தெரிஞ்சு என்னம்மா ஆகப் போகுது"ம்பார். லோயர், ஹையர்னு டைப்ரைட்டிங் பரீட்சை ரெண்டும் முடிச்சேன். பின்னாடி கம்ப்யூட்டர் வந்தப்ப எனக்கு அது பூச்சாண்டியாத் தெரியவே இல்லை. விரலுக்கு வழி தெரிஞ்சிருந்தது. ஒரு தகரக் கொட்டகையில நடந்த வித்தை இது. 22,931 வகுப்பறையில நடக்காதா?

நடக்கும். ஏன்னா எங்க வகுப்புல ஒரு தடவை நடந்தது.

என் தம்பி பொண்ணுக்குப் பிளஸ் டூ படிக்கிறப்ப அரசாங்க லேப்டாப் குடுத்தாங்க. 2011ல ஆரம்பிச்ச திட்டம். "படம் பாக்கத்தான் லாயக்கு, வித்துத் தின்னுடுவாங்க"ன்னு நாம எல்லாரும் சிரிச்ச அதே லேப்டாப். எனக்குத் தெரிஞ்சு ஒரு சாமானைப் பிள்ளை கையிலயே குடுத்த திட்டம் அது ஒண்ணுதான். அவ அதுலதான் டேலிங்கிற கணக்கு மென்பொருள் பழகினா, இப்ப திருப்பூர்ல வேலைக்குப் போறா. பழசை என்கிட்ட குடுத்துட்டா. பேட்டரி நிக்காது, பிளக்குல செருகினாத்தான் உயிர். நான் அதுல தமிழ் தட்டுற மென்பொருள் இ-கலப்பையை இறக்கி, தமிழ்99ங்கிற கீபோர்டு அமைப்பை வச்சேன். மருந்துக் கடையில வெள்ளைப் பிளாஸ்திரி வாங்கி, துண்டு துண்டா நறுக்கி, ஒவ்வொரு கீ மேலயும் ஒட்டி, அதுல அ, ஆ, க, ங எழுதினேன். திரையில மாட்டிவிட்டு, ஆளுக்கு அஞ்சு நிமிஷம்னு சொன்னேன்.

நாலாவது படிச்ச ஒரு பொண்ணு. பேரைச் சொல்ல மாட்டேன். வகுப்புல வாயே திறக்காத பிள்ளை. ஒத்தை விரலால அ தட்டினா. க தட்டினா. இன்னொரு க தட்டினா. ஆ தட்டினா. திரையில 'அக்கா'ன்னு வந்து நின்னது. நாலு தட்டுதான். அவ புள்ளியே வைக்கலை. ஒரு நொடி திரையைப் பாத்தா, கீபோர்டைப் பாத்தா, அப்புறம் கத்தினா பாருங்க: "டீச்சர்! புள்ளி தானா வருது டீச்சர்!"

வரும். தமிழ்99 அப்படித்தான் பண்ணியிருக்காங்க. ஒரே மெய் ரெண்டு தடவை வந்தா முதல்ல இருக்கிறதுக்குத் தானாப் புள்ளி விழும். அதோட நிக்கலை. த, ம, ப, இ தட்டினா 'தம்பி'. ங பக்கத்துல க வந்தாலும் புள்ளி, ந பக்கத்துல த வந்தாலும் புள்ளி. அந்தப் பொண்ணு சொந்தமாவே ஒவ்வொண்ணாத் தட்டிப் பாத்துட்டு, "டீச்சர், ம பக்கத்துல ப வந்தா விழுது, ம பக்கத்துல க வந்தா விழ மாட்டேங்குது"ன்னா. இன எழுத்துங்க அது. கரும்பலகையில எழுதிப் போட்டு நான் தொண்டை கிழியக் கத்தியும் ஏறாத இன எழுத்தை ஒத்தை விரலால அவளே தோண்டி எடுத்துட்டா. அன்னைக்கு என் வகுப்புல 17 பேர். ஒருத்தன்கூட ஒண்ணுக்குப் போகணும்னு கேக்கலை, பாத்துக்கோங்க.

அப்புறம் ஏன் தினம் நடத்தலைன்னு கேப்பீங்க. சொல்றேன். எங்க பள்ளியில அஞ்சு வகுப்பு, டீச்சர் ரெண்டே பேர். ஒண்ணாவது, ரெண்டாவது, மூணாவது எல்லாம் ஒரே அறையில. காலையில வந்ததும் செயலியில வருகை. அப்புறம் மதிப்பீடு: ஒவ்வொரு பிள்ளையாக் கூப்பிட்டு, கேள்வி கேட்டு, நானே தட்டி, அது எந்தப் படியில இருக்கு, அரும்பா மொட்டா மலரான்னு ஏத்தணும். வட்டம் சுத்தும். சுத்திக்கிட்டே இருக்கும். வேப்பமரத்தடியில நின்னா சிக்னல் கொஞ்சம் வரும்னு டேப்லெட்டைத் தூக்கிட்டு அங்க போவேன். நான் மரத்தடியில நிக்கிறப்ப உள்ளே பிள்ளைங்க என்ன பண்ணும்னு கற்பனை பண்ணிக்கோங்க. அப்புறம் புத்தகம் வந்ததா, சீருடை வந்ததா, ஆதார் இருக்கா, பேங்க் கணக்கு இருக்கா. செருப்புக்குக் கால் அளவுகூட ஏத்தியிருக்கோம். எங்க பிள்ளைங்க ஒவ்வொருத்தர் கால் அளவும் மேலிடத்துல இருக்கு. கை எங்கயாவது பட்டுச்சான்னு கேக்கத்தான் ஒரு கட்டம் இல்லை.

நேத்து கமெண்டுல ஒருத்தர் "கேரளாவைப் பாருங்க"ன்னு எழுதியிருந்தார். பாக்கலாமே, நல்லாவே பாக்கலாம். அங்க பள்ளிகள்ல கம்ப்யூட்டர் கல்விக்கான 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் 2001லயே ஆரம்பிச்சாச்சு. பணம் கட்டாத கட்டற்ற மென்பொருள், ஆசிரியர்களுக்கு விடாம பயிற்சி. 2018ல 'லிட்டில் கைட்ஸ்'னு ஆரம்பிச்சு, பிள்ளைங்களையே சேர்த்து அனிமேஷன், புரோகிராமிங், ஹார்டுவேர், கம்ப்யூட்டர்ல மலையாளம் எல்லாம் சொல்லித் தர்றாங்க. வகுப்புல மெஷின் மக்கர் பண்ணினா முதல்ல போய்ப் பாக்கிறது அந்தப் பிள்ளைங்கதான். நீங்க எனக்கு எதிரா எடுத்துட்டு வந்த சாட்சி என் பக்கம் பேசுது சார்.

இன்னொரு அண்ணன் விவரமானவர். "கையில குடுத்தா மட்டும் வந்துடுமா, பெரு நாட்டுல லட்சக்கணக்குல லேப்டாப் குடுத்து ஒண்ணும் ஆகலையே"ன்னார். உண்மைதான். இன்டர்-அமெரிக்கன் வளர்ச்சி வங்கி ஆய்வு 2012ல வந்தது, கணக்குலயும் மொழியிலயும் முன்னேற்றம் இல்லைன்னு. ஆனா அங்க பெரும்பாலான பள்ளியில இணையம் இல்லை, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் போதலை. இதுக்கு மேல இதுல எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. அண்ணன் சொல்றதுல பாதி சரி, பாதியை நான் ஒத்துக்க மாட்டேன், விடுங்க.

"தனியார் பள்ளியில ஒண்ணாவதுலயே கோடிங்"ன்னு சொல்றவங்களுக்குப் பதில் இல்லை. பீஸ் ரசீதைக் காட்டுங்க, அப்புறம் பேசுவோம்.

ஆனா "கை நிறைய சம்பளம் வாங்குறீங்கல்ல"ன்னு எழுதின ஆளுக்கு மட்டும் பதில் சொல்லாம தூக்கம் வரலை. ஆமா, வாங்குறேன். திருடலை. பிளாஸ்திரி என் காசு, வயர் என் காசு, அந்தப் போர்வை என் கல்யாணத்துக்கு எங்க அத்தை குடுத்தது. வகுப்புல வாந்தி எடுத்த பிள்ளையை இடுப்புல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினப்ப யாரும் வீடியோ எடுக்கலை. எடுக்கவும் வேண்டாம். அந்தம்மாவைக் கேள்வி கேட்ட தம்பிகிட்ட எனக்கு ஒரு சந்தேகம்தான். போர்வையை விலக்கினீங்களே, அங்க உக்காந்திருந்த பிள்ளைங்கள்ல ஒருத்தனைக் கூப்பிட்டு "வந்து தொட்டுப் பாருடா"ன்னு சொன்னீங்களா? நீங்களும் காட்டிட்டுத்தானே போனீங்க?

கோவத்துல எழுதுறேன்னு தெரியுது. எங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டு, "போஸ்ட் போடாத, மெமோ வந்துடும்"னுட்டுப் போனார். வரட்டும். அந்தம்மா ஏன் பேசலைன்னு கேட்டீங்கல்ல எல்லாரும்? இதுக்குத்தான் பேசலை.

போன ஞாயித்துக்கிழமை சந்தையில அந்தப் பொண்ணைப் பாத்தேன். இப்ப ஆறாவது, பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளி. அங்க லேப் வந்திருக்கு, வரிசையாக் கம்ப்யூட்டர், ஏசிகூட இருக்காம். நான் ஆசையாக் கேட்டேன், "தமிழ்ல அடிக்கிறியாடி?"

"இல்ல டீச்சர். அங்க டெஸ்ட்டுக்கு மட்டும்தான் கூட்டிட்டுப் போவாங்க. ஏ, பி, சி, டி இருக்கும். மவுஸ்ல கிளிக் பண்ணிட்டு வந்துடணும்."

"கீபோர்டு?"

"அது உறை போட்டிருக்கும் டீச்சர்."

அவங்கம்மா தக்காளி எடை போட்டு முடிச்சிட்டாங்க, கிளம்பிட்டா.